பேரடியும் சிற்றடியும்

காலத்தை அளவாமல் கலை இல்லை. இசைக்குத் தாளம் உண்டு. ஆடலுக்கு அடவு உண்டு. செய்யுளுக்கு அசையும் சீரும் அடியும் உண்டு. தமிழில் எழுத்திலக்கணம் தொடங்கும் இடத்திலேயே கால அளவையும் வந்துவிடுகிறது. இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும் கை நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். பின்வந்த இலக்கணத்தார் அவ்வளவில் நில்லாது அந்த ஒரு நொடியையும் நான்காகப் பகுத்தனர். நொடிக்க எண்ணுவது முதற் கால், விரலை விரல்மேல் அழுத்துவது அரை, அதனைத் திருகுவது முக்கால், விடுவது ஒன்று. கேட்போன் செவிக்கு எட்டுவது ஓர் ஓசையே. அவ்வோசை பிறப்பதற்குக் கை கடந்து வந்த நிலைகளோ நான்கு.

இக்காலத்து அசைவூட்டப்படக் கலையிலும், அதாவது அனிமேஷன் என வழங்கும் கலையிலும், இத்தகைய ஈரளவு உண்டு. கண்ணுக்குக் காட்டப்பெறும் படங்களின் அளவு ஒன்று. அப்படங்களுக்கு இடையே கணினி தனக்குள் கணித்துச் செல்லும் அளவு மற்றொன்று. முன்னதைத் தொழில் செய்வோர் ‘பிரேம் ரேட்’ என்பர். பின்னதைச் ‘சப்ஸ்டெப்’ என்பர். ஈண்டு முன்னதைப் பட வீதம் என்றும், பின்னதைச் சிற்றடி என்றும் வழங்குவோம். பட வீதம் காண்போன் கண்ணுக்கு உரியது. சிற்றடி கணக்கின் வாய்மைக்கு உரியது. இவ்வுரிமை மாறுமிடத்துக் கலையும் கெடுகிறது, கணக்கும் கெடுகிறது. இதனை இரண்டு ஆய்வுக் கட்டுரைகளையும் ஒரு திரைப்படத்தையும் கொண்டு ஆராய்வது பொருத்தமாகும்.

கணிப்பு என்பது யாது?

பேசும் படம் வந்த 1920ஆம் ஆண்டுகளின் இறுதியிலிருந்து, வினாடிக்கு 24 படம் என்பது திரைத்தொழிலின் வழக்காக நிலைத்தது. கையால் வரைந்த காலத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஒன்றும் இல்லை, வெற்றிடந்தான். விழும் பந்தை வரைகின்ற ஓவியன், அது தரையைத் தொடும் படத்தைத் தரையிலேயே வரைந்துவிடுவான். பந்து தரைக்குள் புகாது என்பது அவன் அறிந்தது. கணினிக்கு அவ்வறிவு இல்லை. விழும் பொருளையும் ஆடும் துணியையும் சரியும் செங்கல்லையும் இயற்கை விதிப்படி நீயே கணித்துக் காட்டு என ஏவினால், பொருள் இப்பொழுது எங்கே உள்ளது, எவ்வேகத்தில் செல்கிறது என்பவற்றைக் கொண்டு அடுத்த கணத்து நிலையைக் கணிக்கும். அந்த அடுத்த கணம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே இங்கு எழும் வினா.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். 1.5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கோலிக்குண்டு ஒன்று 5 மீட்டர் உயரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் கனமுள்ள பலகைமேல் விழுவதாகக் கொள்க. பலகையை அணுகும்பொழுது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 9.9 மீட்டர். வினாடிக்கு 24 முறை மட்டும் கணித்தால், ஒவ்வொரு முறையும் குண்டு 41 சென்டிமீட்டர் தாவுகிறது. ஒரு கணத்தில் அது பலகைக்கு மேலே இருக்கும். அடுத்த கணத்தில் கீழே இருக்கும். பலகையைத் தொட்ட கணம் எனக் கணக்கில் ஒன்று இல்லாமலே போகலாம். குண்டு பலகையைத் துளையாமலே ஊடுருவிச் சென்றுவிடும். ஒவ்வொரு படத்துக்கும் 10 சிற்றடி கொடுத்தால் தாவல் 4.1 சென்டிமீட்டராகக் குறையும். குண்டும் பலகையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வழி 2.5 சென்டிமீட்டரே ஆதலின், அப்பொழுதும் தப்பிச் செல்ல இடமுண்டு. 20 சிற்றடி கொடுத்தால் தாவல் 2.06 சென்டிமீட்டர், இனித் தப்ப வழியில்லை.

மோதல் இல்லாத இடத்தும் பிழை உண்டு. இத்தகைய மென்பொருள்களில் பெரிதும் வழங்கும் எளிய முறை, முதலில் வேகத்தைத் திருத்தி, அத்திருத்திய வேகத்தால் இடத்தை நகர்த்துவதாகும். ஓய்விலிருந்து விழும் பொருள் ஒரு வினாடியில் 4.9 மீட்டர் விழவேண்டும். இம்முறையில் வினாடிக்கு 12 அடி வைத்தால் 5.31 மீட்டர் விழுகிறது. 24 அடி வைத்தால் 5.10 மீட்டர், 240 அடி வைத்தால் 4.92 மீட்டர். அடியைச் சிறிதாக்கச் சிறிதாக்க, கணக்கு உண்மையை நெருங்குகிறது.

அப்படியாயின் சிற்றடிகளை எண்ணின்றிப் பெருக்கிவிடலாமே எனின், சிற்றடி இரட்டித்தால் கணிப்புக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும். ஒரு காட்சிக்கு ஓர் இரவு எடுக்கும் கணிப்பு இரண்டு இரவு எடுக்கும். இச்சிக்கலிலிருந்துதான் இரண்டு கட்டுரைகளும் பிறந்தன.

1998: பேரடியின் வாதம்

டேவிட் பராஃப், ஆண்ட்ரூ விட்கின் என்னும் இருவர் 1998இல் துணிக் கணிப்புப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். துணிக் கணிப்பில் பேரடிகள் என்பது அதன் தலைப்பின் பொருள். துணிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது எளிதில் வளையும், எளிதில் நீளாது. நீளுவதை எதிர்க்கும் அவ்விசை மிக வலிது. பழைய முறை, நிற்கும் இடத்தின் விசையை மட்டும் பார்த்து அடி வைப்பது. அடி சற்றே பெரிதானால் இழை வேண்டியதற்கு மேல் இழுபடும். அதனால் விசை மிகும். மிகுந்த விசை மேலும் இழுக்கும். சில அடிகளில் துணி சிதறிப்போகும். இதனைத் தவிர்க்க மிகச் சிறிய அடிகளை வைக்க நேர்ந்தது.

பராஃப், விட்கின் இருவரும் கையாண்ட முறை வேறு. சென்று சேரும் இடத்தில் விசை எவ்வாறு இருக்கும் என்பதையும் சமன்பாட்டுக்குள் அடக்கி, துணி முழுவதற்கும் ஒருங்கே விடை காண்பது அது. கால் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்து நடப்பவன் பள்ளத்தில் விழுவான். கால் ஊன்றப்போகும் இடத்தையும் பார்ப்பவன் நீள அடி வைத்தாலும் தடுமாறான். இதனால் துணி சிதறாமல் நின்றது. பின்னர் பிக்சார் நிறுவனத்தில், மைக்கேல் காஸ் என்பவரோடு சேர்ந்து இவர்கள் செய்த துணிக் கணிப்புப் பணிக்காக, மூவருக்கும் 2006இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் அறிவியல் தொழில்நுட்ப விருது கிடைத்தது. 2001இல் வெளிவந்த ‘மான்ஸ்டர்ஸ், இங்க்.’ படத்தில் பூ என்னும் குழந்தை அணிந்த சட்டை, இத்தகைய கணிப்பால் அசைந்த சட்டைதான்.

இக்கட்டுரையின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. சிதறாமல் நின்றது என்பதும் சரியாக நின்றது என்பதும் ஒன்றாகுமா?

ஆகாது. கூரையிலிருந்து 25 சென்டிமீட்டர் கயிற்றில் தொங்கும் சிறு விளக்கு மெல்ல ஊசலாடுவதாகக் கொள்க. அது ஒரு முறை சென்று மீள ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். வினாடிக்கு 24 அடி வைத்துப் பழைய முறையில் கணித்தால், ஒரு வினாடியில் அதன் ஆற்றல் ஏறத்தாழ ஐந்து மடங்காகப் பெருகுகிறது; யாரும் தள்ளாமலே விளக்கு மேலும் மேலும் வீசி ஆடும். சேரும் இடத்தை முன்னோக்கும் முறையில் கணித்தால், அதே ஒரு வினாடியில் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. யாரும் பிடிக்காமலே விளக்கு ஓய்ந்துவிடும். முன்னது இல்லாததைக் கூட்டுகிறது. பின்னது உள்ளதை மறைக்கிறது. கூட்டிச் சொன்ன பொய் உடனே வெளிப்படும். மறைத்த பொய் எளிதில் வெளிப்படாது. துணி சிதறினால் எவரும் காண்பர். துணி நீருக்குள் அசைவதுபோல் மந்தமாக அசைந்தால், அது கனத்த துணி போலும் என்று கண் சமாதானம் செய்துகொள்ளும். பேரடியின் குறை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதே விளக்குக்கு வினாடிக்கு 240 அடி வைத்தால், இழக்கும் ஆற்றல் நூற்றுக்கு 15 அளவில் நின்றுவிடும்.

ஆசிரியர் இருவருக்கும் நடுநிலை வழுவாது இதனையும் சொல்லவேண்டும். அடி எப்பொழுதும் பெரிதாகவே இருக்கலாம் என அவர்கள் கூறினாரல்லர். ஓர் அடியில் துணியின் நீட்சி பெரிதும் மாறிவிடுமாயின், அவ்வடியைத் தள்ளிவிட்டு, அளவைக் குறைத்து மீண்டும் கணிக்கும் ஏற்பாடும் அக்கட்டுரையிலேயே உள்ளது. தலைப்பை மட்டும் கண்டு நிற்பவர் இதனைக் காணார்.

2019: சிற்றடியின் வாதம்

இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, மைல்ஸ் மாக்லின், மத்தியாஸ் முல்லர் முதலிய எழுவர், என்விடியா நிறுவனத்தின் சார்பில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இயற்பியல் கணிப்பில் சிற்றடிகள் என்பது அதன் தலைப்பின் பொருள். முன்னைய தலைப்புக்கு இது நேர் மறுமொழி போல் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

இவர்கள் எடுத்துக்கொண்ட வினா கூரியது. கணினிக்கு ஒரு படத்துக்கு இவ்வளவு உழைப்பு என அளவு வகுத்தாகிவிட்டது. அதனை எவ்வாறு செலவிடுவது? ஒரே பேரடி வைத்து, அதன் பிழையை இருபது சுற்றுத் திருத்தலாம். அல்லது இருபது சிற்றடி வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு சுற்றுத் திருத்தலாம். உழைப்பு ஏறக்குறைய ஒன்றே. விளைவு ஒன்றா? அவர்கள் எடுத்துக்கொண்ட வகைக் கணிப்பில் இருபது சிற்றடியே மேம்பட்டது எனச் சோதனைகளால் காட்டினர். துணி நீளாது நின்றது. ஆற்றலும் வீணே மறையவில்லை.

காரணம் எளிது. புவியீர்ப்பு முதலிய விசை ஓர் அடியில் பொருளை நகர்த்தும் தூரம், அடியின் காலத்தைப் பொறுத்ததன்று. அக்காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடியைப் பத்தில் ஒன்றாக்கினால் அந்நகர்வு நூற்றில் ஒன்றாகிறது. திருத்தவேண்டிய பிழையே சிறிதாகிவிடுவதால் ஒரு சுற்றுத் திருத்தம் போதுமானதாகிறது. கட்டுரை நோட்டில் நாள்தோறும் ஒரு பிழை திருத்தும் மாணவனுக்கும், ஆண்டு முடிவில் இருபது முறை ஒரே கட்டுரையைத் திருத்தி எழுதும் மாணவனுக்கும் உள்ள வேறுபாடு இது.

இக்கட்டுரைக்கும் எல்லை உண்டு. இஃது ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் தனித்தனியே திருத்திச் செல்லும் முறைக்குப் பொருந்துவது. துணி முழுவதற்கும் ஒருங்கே விடை காணும் முறையில் ஒவ்வோர் அடியும் விலை மிகுந்தது. அங்கே சிற்றடிகளைப் பெருக்குவது பெருஞ்செலவு. மேலும், கணினி எண்களை முடிவில்லா இலக்கங்களோடு வைத்துக்கொள்வதில்லை. அடி மிகமிகச் சிறிதானால், அதனால் விளையும் நகர்வு எண்ணின் கடைசி இலக்கங்களுக்கும் கீழே சென்று மறைந்துவிடும். சிற்றடிக்கும் ஒரு கீழெல்லை உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை 2019ஆம் ஆண்டுக் கட்டுரை வீழ்த்திவிட்டது என்பார் கூற்று பொருந்தாது. முன்னது அடியின் நிலைபேற்றை ஆராய்ந்தது. பின்னது உழைப்பின் பங்கீட்டை ஆராய்ந்தது. இரண்டையும் ஒருசேரக் கற்பவர்க்கே, எந்த எண்ணை எதன் பொருட்டு மாற்றுகிறோம் என்னும் தெளிவு பிறக்கும்.

எழுதி வைத்த எண்ணின் ஆட்சி

அத்தெளிவு இல்லாதவிடத்து நேர்வது யாது? மென்பொருள் செய்தோர் முன்னரே எழுதி வைத்த எண், இயற்கையின் எண்ணாக மதிக்கப்படுகிறது. விலையின்றிக் கிடைப்பதும், பள்ளி மாணவரும் பயன்படுத்துவதுமான பிளெண்டர் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் அண்மைப் பதிப்புகளில் பட வீதம் 24 என முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. செங்கல் போன்ற கட்டிப்பொருள்களின் கணிப்புக்கு ஒரு படத்துக்கு 10 சிற்றடி எனவும், திருத்தச் சுற்று 10 எனவும் எழுதப்பட்டிருக்கிறது. துணிக்கு 5 என உள்ளது. இவை தொடங்குவோர்க்கு உதவியாக வைத்த எண்கள், விதிகள் அல்ல.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சிற்றடி இங்கே வினாடிக்கு இத்தனை எனச் சொல்லப்படவில்லை. படத்துக்கு இத்தனை எனச் சொல்லப்படுகிறது. ஆகவே பட வீதத்தைத் தொட்டவர் தம்மை அறியாமலே கணக்கையும் தொட்டுவிடுகிறார். 24 படமும் 10 சிற்றடியுமாக இருந்தபொழுது வினாடிக்கு 240 அடி. ஓவிய அழகு கருதி ஒருவர் பட வீதத்தை 12 ஆக்கினால், கணக்கு 120 அடியாகச் சுருங்குகிறது. மேலே கண்ட கோலிக்குண்டு இப்பொழுது ஓரடிக்கு 8 சென்டிமீட்டருக்கும் மேல் தாவும். நேற்றுவரை பலகைமேல் நின்ற குண்டு இன்று பலகையை ஊடுருவும். அவர் மாற்றியது அழகை, மாறியது இயற்கை.

தொலைக்காட்சிக்காக 24ஐ 25 ஆக்கினாலும் இதே கதைதான். 240 அடி 250 ஆகிறது. வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் நூறு செங்கல் ஒன்றன்மேல் ஒன்று மோதிச் சரியும் காட்சியில், முதல் மோதலில் ஏற்பட்ட மயிரிழை வேறுபாடு பத்தாவது மோதலில் கைப்பிடி அளவாகிவிடும். கதைத்தலைவன் காலடியில் வந்து நிற்குமாறு பலமுறை முயன்று அமைத்த செங்கல், வேறிடத்தில் போய் நிற்கும். பழைய 240ஐக் காக்கவேண்டின் 25 படத்துக்கு 9.6 சிற்றடி வேண்டும். சிற்றடியோ முழு எண்ணாகவே இருத்தல் வேண்டும். எனவே கணிப்பைத் தொடங்குமுன் பட வீதத்தை உறுதி செய்தல் முதற் கடமையாகிறது. 24ஐ 12 ஆக்குவோர் சிற்றடியை 20 ஆக்கலாம். 30 ஆக்குவோர் 8 ஆக்கலாம். வினாடிக்கு 240 என்பது மாறாதிருக்கும்.

போதிய சிற்றடி எது என அறியவும் எளிய உரைகல் ஒன்று உண்டு. சிற்றடியை இரட்டித்து மீண்டும் கணித்துப் பார்ப்பது அது. காட்சியின் தன்மை மாறாதாயின் முன்னைய எண் போதும், மாறுமாயின் போதாது. இங்குத் தன்மை என்றது, ஒவ்வொரு செங்கல்லும் எங்கே கிடக்கிறது என்பதையன்று. அது மாறியே தீரும். சுவர் எவ்வளவு கனத்தோடு சரிகிறது, துணி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பவையே பார்க்கத்தக்கவை.

கண்ணுக்குரிய எண்

பட வீதம் கண்ணுக்குரியது என்றதற்குச் சிறந்த சான்று, 2018இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ என்னும் படம். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2012இல், பீட்டர் ஜாக்சன் தம் ‘ஹாபிட்’ படத்தை வினாடிக்கு 48 படமாகக் காட்டினார். படம் மிகுந்தால் மெய்ம்மை மிகும் என்பது கருத்து. பார்த்தோருள் பலர், புனைவின் திரை விலகி ஒப்பனையும் அரங்கமும் வெளிப்பட்டன எனக் குறைபட்டனர். ஸ்பைடர்-வெர்ஸ் படத்தார் எதிர்வழி சென்றனர். திரையில் ஓடுவது 24 படமே. ஆயினும் பல இடங்களில் ஒரு தோற்றத்தை இரண்டு படங்களுக்கு நிறுத்தினர். ஆகவே வினாடிக்கு 12 தோற்றமே கண்ணுக்குத் தெரியும். விரைவில் தோன்றும் மங்கலையும் நீக்கிவிட்டனர். சித்திரக்கதைப் புத்தகம் உயிர்பெற்றது போன்ற அழகு இதனால் விளைந்தது.

மரங்களுக்கிடையே இருவர் வலையில் ஊசலாடிச் செல்லும் ஒரு காட்சி அப்படத்தில் உண்டு. பழகாத இளைஞன் மைல்ஸ் வினாடிக்கு 12 தோற்றத்தில் அசைகிறான். பழகிய பீட்டர் 24 தோற்றத்தில் அசைகிறான். ஒருவன் தடுமாறுகிறான், மற்றவன் தேர்ந்தவன் என்பதை ஒரு சொல்லும் இன்றி எண்ணே சொல்லிவிடுகிறது. செய்யுளில் ஓசை பொருளுக்குத் துணைநிற்பது போன்றது இது. பட வீதத்தைக் கலைஞன் இவ்வாறு ஆளும்பொழுது, அது தொழில்நுட்ப எண் என்னும் நிலையைக் கடந்து நடையாகிவிடுகிறது.

இந்த நடையைப் பின்பற்ற விரும்பும் தொடக்கநிலைக் கலைஞர் ஒன்றை மறத்தலாகாது. உடல் இரண்டு படம் நின்று, பிறகு திடீரெனத் தாவினால், உடல்மேல் உள்ள துணியின் கணக்கு என்னாகும்? நின்றபொழுது வேகம் சுழி. தாவும்பொழுது இரு மடங்கு. துணி மாறி மாறி அடியுண்டு துடிக்கும். ஆகவே உடலின் அசைவை முதலில் இடையறாத அசைவாக வைத்துக் கணித்து, துணியின் கணிப்பு முடிந்தபின் வேண்டிய தோற்றங்களை மட்டும் நிறுத்திக் காட்டுதல் தக்கது. காட்டுவது பன்னிரண்டாயினும் கணிப்பது பன்னிரண்டாதல் கூடாது. நொடிப்பின் ஓசை ஒன்று என்பதற்காக, விரல் ஊன்றலையும் திருகலையும் விட்டுவிட முடியாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. பட வீதம் பொருளை நோக்கிக் கலைஞன் தேரவேண்டிய எண். சிற்றடி உண்மையை நோக்கிச் சோதித்து அறியவேண்டிய எண். முன்னதன் குறையைப் பின்னதாலோ, பின்னதன் குறையை முன்னதாலோ மறைக்க முயல்வது இரண்டையும் கெடுக்கும்.

யாப்பில் இரண்டு சீரால் வருவது குறளடி. ஐந்து சீரால் வருவது நெடிலடி. நெடிலடி உயர்ந்தது, குறளடி தாழ்ந்தது எனப் புலவர் எவரும் கூறார். எப்பொருளுக்கு எவ்வடி பொருந்தும் என்பதே அவர் கேட்கும் வினா. கணினி முன் அமரும் மாணவனுக்கு மென்பொருளின் பொத்தான்களை எவரும் சொல்லிக் கொடுத்துவிடலாம். அங்கே எழுதியுள்ள 24ஐயும் 10ஐயும் கண்டு, இவ்வெண் யாருக்கு உரியது, ஏன் இத்தனை எனக் கேட்கும் பழக்கத்தை ஊட்டுவதுதான் கல்வி. அவ்வினாவைக் கேட்கத் தெரிந்தவன் கையில் பேரடியும் தடுமாறாது; சிற்றடியும் வீணாகாது.